உன் ஆறு பாத்திகளில் நான் ஊற்றியது

பத்து நாளாக என் வீட்டு ஹாலில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு சாக்கு நிற்கிறது. உள்ளே உமிக்கரி. இன்று காலை வீடு துடைக்கும்போது மாப்பின் ஈரம் சாக்கின் அடியில் பட்டுவிட்டது. அவ்வளவுதான், வீடு முழுக்க அந்த வாசனை. நனைந்த கரியின் வாசனை எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசி இரண்டு வருஷம் உன் புடவை, உன் ஸ்கூட்டி சீட்டு, உன் தலைமுடி எல்லாம் அப்படித்தான் மணத்தன. துடைப்பதை நிறுத்திவிட்டு ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து பெங்களூரிலிருந்து என் மகள் போன் செய்தாள். "ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். ஜலதோஷம் என்றேன். எனக்கு இவ்வளவு சுலபமாகப் பொய் வரும் என்பது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாம் சேர்ந்து படித்த நாட்களில் நீ இப்படி ஏமாறுகிறவளாகவே இல்லை. மலைக்கோட்டைக்குக் கீழே சந்து சந்தாக ரவிக்கைத் துணி தேடி அலைவோம். கடைக்காரர் சாயம் போகாது என்று சத்தியம் செய்தாலும் நீ துணியின் ஓரத்தை எச்சில் தொட்டுக் கசக்கிப் பார்த்துவிட்டுத்தான் பர்ஸைத் திறப்பாய். நான் வெட்கத்தில் வெளியே போய் நின்றுகொள்வேன். நீ ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீட்டுப் பெண், நான் காட்டூர் மாதா கோயில் தெருக்காரி. கெமிஸ்ட்ரி லேபில் ஒரே மேஜை. மதியம் நான் டிபன் பாக்ஸைத் திறந்தால் நீ இரண்டு அடி தள்ளி உட்கார்ந்து மூக்கைப் பிடித்துக்கொண்டே கதை கேட்பாய். அந்த இரண்டு அடியைத் தவிர நமக்குள் வேறு தூரம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

படிப்பு முடிந்ததும் நீ பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர் ஆனாய். நான் துவாக்குடி ரோட்டில் ஒரு தனியார் மண் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தேன், இன்னும் அங்கேதான். ஊரார் வயல் மண்ணைச் சலித்துச் சலித்தே என் காலம் போயிற்று. அத்தனை வருஷத்தில் மண்ணைப் பற்றி நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நீ ரிட்டையர் ஆன மறு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் செய்து, "ஸ்டெல்லா, உயிர்க்கரின்னா என்னடி?" என்று கேட்டாய். அதிகம் காற்றுப் படாமல் உமியையோ சுள்ளியையோ கருக்கி, சாம்பலாவதற்கு முன்னால் அணைத்து எடுக்கிற கரி என்றேன். மண்ணில் போட்டால் மக்காமல் பல வருஷம் இருக்கும், தண்ணீரையும் சத்தையும் பிடித்து வைக்கும் என்றேன். ரைஸ் மில்லில் உமி என்ன விலை என்று உடனே கேட்டாய். உன் தலைக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

கொள்ளிடக்கரைப் பக்கம் உன் மாமனார் விட்டுப்போன துண்டு நிலம் ஒன்று சும்மா கிடந்தது. மணல் மண். ஊற்றிய தண்ணீர் கண்ணெதிரே இறங்கிப் போய்விடும். அங்கேதான் உன் ராஜ்ஜியத்தைத் தொடங்கினாய். ஒரு பழைய எண்ணெய் டின்னில் ஓட்டைகள் போட்டோம். அதன் தலையில் புகை போகக் குழாய் செருகி, உள்ளே நெருப்பு மூட்டி, சுற்றிலும் ரைஸ் மில் உமியைக் குவித்தோம். உமி உள்ளிருந்து வெளியே மெதுவாகக் கருத்துக்கொண்டு வரும். முழுக்கக் கருத்ததும் தண்ணீர் அடித்து அணைத்துவிட வேண்டும், கொஞ்சம் அசந்தால் எல்லாம் வெள்ளைச் சாம்பலாகிவிடும். முதல் மூட்டத்தில் நாம் அசந்தோம். என் மகளுக்கு எப்போது கல்யாணம் என்று நீ கேட்க, உனக்கு என்ன அக்கறை என்று நான் கேட்க, திரும்பிப் பார்த்தால் வெள்ளையாகக் குவிந்து கிடந்தது. உன் வீட்டுக்காரர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஆத்துல பூரா கரி. பெருமாள் சேவிக்கக் கட்டிண்டு போற வேஷ்டியிலயும் கரி. இவளுக்கு ரிட்டையர்மென்டே கொடுத்திருக்கப்படாது" என்றார். நீ அவருக்குக் காபி கலந்து கொடுத்தாய், டம்ளரிலும் உன் கருப்புக் கைரேகை.

நமக்குள் ஒரே ஒரு சண்டைதான் உருப்படியான சண்டை. கரி தயாரானதும் அதை அப்படியே பாத்தியில் போடப் போவதாகச் சொன்னாய். நான் கூடாது என்றேன். வெறும் கரி பசியோடு இருக்கும், மண்ணில் இருக்கிற கொஞ்சநஞ்ச சத்தையும் முதலில் அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும், செடி பட்டினி கிடக்கும். தொழுவுரத்திலோ கோமியத்திலோ பதினைந்து நாள் ஊறப்போட்டு, அதன் வயிற்றை நிரப்பிவிட்டுத்தான் மண்ணில் சேர்க்க வேண்டும். எங்கள் கூடத்துக்கு வருகிற விவசாயிகளிடம் நான் வழக்கமாகச் சொல்வதுதான்.

நீ கேட்கவில்லை. "எருவையும் கரியையும் கலந்து போட்டு, செடி நன்னா வந்துடுத்துன்னா, எதுனால வந்ததுன்னு எப்படிடி சொல்லுவே? ஒரு சமயத்துல ஒண்ணைத்தான் மாத்தணும்."

"செடிக்கு உன் கெமிஸ்ட்ரி தெரியாதுடி."

"தெரிஞ்சுக்கட்டும்."

எந்த விவசாயியும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். அவனுக்கு எது வேலை செய்தது என்பது முக்கியமில்லை, வேலை நடந்தால் போதும். கையில் இருக்கிற எரு, சாணி, சாம்பல் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் போடுவான். கெமிஸ்ட்ரி டீச்சரால் மட்டும்தான் இவ்வளவு சுத்தமாகத் தப்பு செய்ய முடியும். பன்னிரண்டு பாத்தி கட்டினாய். ஆறில் கரி, ஆறில் ஒன்றுமில்லை. எல்லாவற்றிலும் ஒரே கத்தரி நாற்று, ஒரே அளவு தண்ணீர். எதற்கும் உரமில்லை. நான் இன்னும் இரண்டு நாள் மல்லுக்கு நின்றிருக்கலாம். உன்னோடு வாதாடித் தோற்பது எனக்குப் பழகிப்போயிருந்தது, விட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரம் கரி போட்ட ஆறு பாத்தியும் மஞ்சளடித்தது. கரி போடாத ஆறும் சுமாராகத்தான் இருந்தது, ஆனாலும் பச்சை. நீ வரப்பில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்தாய். செடியைப் பார்த்து வருத்தப்படுகிறாய் என்று நினைத்தேன். வலி பல நாளாக இருந்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரமே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். புரட்டாசி பிறந்திருந்தது.

ஐந்து வாரம் படுத்திருந்தாய். காலையில் நான் கொள்ளிடக்கரைக்குப் போய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வேலைக்குப் போவேன், சாயங்காலம் உன்னிடம் வருவேன். உன் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "பச்சை வந்துதா?" எட்டு நாள் உண்மையைச் சொன்னேன். ஒவ்வொரு நாளும் நீ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். ஒன்பதாம் நாள் டாக்டர் உன் வீட்டுக்காரரையும் என்னையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, பரவிவிட்டது, இனி பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை என்றார். உள்ளே வந்தேன். நீ கேட்டாய். "லேசா வந்திருக்குடி, அடி இலையில" என்றேன்.

நன்றாகக் கவனி. பொய்யைத்தான் முதலில் சொன்னேன். அதற்கு ஏற்ற இலையை அப்புறம் தயார் செய்ய வேண்டியதாயிற்று.

மறுநாள் லீவு போட்டேன். கடலைப் புண்ணாக்கு வாங்கிப் பக்கெட்டில் ஊறவைத்தேன். திருவானைக்காவலில் ஒரு மாட்டுக் கொட்டகையில் கெஞ்சி ஒரு கேன் கோமியம் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். ஆட்டோக்காரர் வழியெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டே ஓட்டினார். இரண்டையும் கலந்து, தண்ணீர் விட்டு, மக்கு மக்காக உன் கரிப் பாத்திகளில் ஊற்றினேன். மற்ற ஆறு பாத்திக்கு ஒரு மக்கு கூட ஊற்றவில்லை. பன்னிரண்டுக்கும் ஊற்றியிருந்தால் சிநேகிதியின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டேன் என்று சொல்லலாம். ஆறுக்கு மட்டும் ஊற்றியதால் அதற்கு வேறு பெயர்தான்.

அதன்பின் நாலு நாளுக்கு ஒருமுறை ஊற்றினேன். பசித்திருந்த கரி அத்தனையும் குடித்தது. மணலில் ஊற்றியிருந்தால் அடிக்குப் போய்விட்டிருக்கும், கரி பிடித்து வைத்துக்கொண்டு வேருக்குக் கொடுத்தது. பதினைந்து நாளில் இலையெல்லாம் கரும்பச்சை. நீ வீட்டுக்குத் திரும்பிய வாரம் அந்த ஆறு பாத்தியும் பூத்திருந்தன. மற்ற ஆறும் முழங்கால் உயரத்தில் நின்றுபோயிருந்தன. நீ சொன்ன சோதனை அப்படியே பலித்துவிட்டது, ஒரு தப்புமில்லாமல்.

ஐப்பசியில் ஒரு மழை விட்ட காலை, உன்னை ஆட்டோவில் கூட்டிப்போய் வரப்பில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். நீ அழுவாய் என்று பயந்தேன். சிரித்தாய், கையைத் தட்டிக்கொண்டு. பக்கத்து வயலில் குத்தகைக்கு வாழை போடுகிற பெரியசாமி வந்து எட்டிப் பார்த்தார்.

"டீச்சரம்மா, அந்த ஆறு பாத்திக்கு என்ன போட்டீங்க?"

"கரி. கரி மட்டும்தான்."

"யூரியா, எரு எதுவும் இல்லியா?"

"ஒண்ணும் கிடையாது. வேணும்னா இவளைக் கேளும். மண் பாக்கற ஆபீஸ்ல இருக்கறவ, கூடவே இருந்தா."

பெரியசாமி என்னைப் பார்த்தார். நான் குனிந்து ஒரு கோரைப்புல்லைப் பிடுங்கினேன். வேர் வராமல் கையோடு அறுந்தது.

அன்றைக்கே உன் நோட்டில் சிவப்பு மையில் எழுதினாய். "கரி மட்டும். வேறு எதுவும் கலக்கவில்லை." கீழே இரண்டு கோடு.

இரண்டு தடவை உன்னிடம் சொல்ல வந்தேன். முதல் தடவை உன் வீட்டில், உனக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறப்பதற்குள் நீ ஆரம்பித்துவிட்டாய். "இத்தனை வருஷமும் புஸ்தகத்துல இருந்ததைத்தான்டி சொல்லிக்கொடுத்தேன். எல்லாம் யாரோ கண்டுபிடிச்சது. இது ஒண்ணுதான் நானா பண்ணி, நானா என் கண்ணால பாத்தது." நான் சுளையை நீட்டினேன், எடுத்துக்கோ என்றேன். இரண்டாவது தடவை, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது காவிரிப் பாலத்தில் ஆட்டோ மாட்டிக்கொண்டது. முன்னாலும் நகரமுடியாது, பின்னாலும் போகமுடியாது, இரண்டு பக்கமும் பஸ். இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போனப்புறம் அவருக்கு யார் சமைச்சுப் போடுவான்னு கேக்கப் போறியா? அவருக்கு உப்புமா வரும்டி, கவலைப்படாதே" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். பாலம் தாண்டும்வரை சிரித்துக்கொண்டே வந்தோம்.

மாசியில் நீ போய்விட்டாய். அன்றைக்கு உன் வீட்டுக்காரர் என்னிடம் சொன்ன ஒரே வார்த்தை, "கடைசியில அவ சந்தோஷமா இருந்தது அந்த ஆறு பாத்தியாலதான்" என்பது. அதைக் கேட்டு எனக்கு ஆறுதலாக இருந்தது. நான் செய்தது சரிதான் என்று கொஞ்ச நாள் நம்பினேன். மாட்டிக்கொண்டேன் என்று எனக்குத் தெரிந்தது அதற்கும் பிறகுதான்.

அவர் உன் நோட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கேட்பவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். பிரதியின் மேலே உன் பெயரைத் தன் கையால் அழகாக எழுதுவார். எங்கள் கூடத்துக்கே ஒருவர் அந்தப் பிரதியோடு வந்துவிட்டார். எருவில் ஊறவைத்துப் போடுங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "டீச்சரம்மா நோட்டுல கலக்காமன்னுல்ல போட்டிருக்கு?" என்றார். அதற்குமேல் என்ன சொல்வேன்? தொடர்ந்து பேசினால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் உன் சிவப்புக் கோடு இரண்டும் பொய்யாகிவிடும். நீ உயிரோடு இருந்தபோது உன்னை வருத்தப்பட வைக்கப் பயந்தேன். நீ போனபின் உன்னை அழிக்கப் பயந்தேன். உண்மையைச் சொல்ல மனசு வராது, பொய்யைக் கேட்டுக்கொண்டு நிற்கவும் முடியாது. ஸ்ரீரங்கம் போவதையே நிறுத்திக்கொண்டேன். மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்து, பாவத்தைச் சொல்லிப் பார்த்தேன். சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உரியவரிடம் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள் என்றார். உரியவள் நீ. உன்னை எங்கே போய்ப் பிடிப்பது?

அப்படி ஒரு வருஷம் ஓடி, இதோ மறுபடியும் மாசி. பத்து நாளைக்கு முன் சாயங்காலம் பெரியசாமி டிவிஎஸ்ஸில் இந்தச் சாக்கைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"டீச்சரம்மா சொன்ன மாதிரியே மூட்டம் போட்டு எடுத்தேங்க. ஒரு பொட்டு சாம்பல் இருக்காது, பாருங்க. உங்க ஆபீஸ்ல வெச்சு ஒரு தடவை பார்த்துச் சொல்லிட்டீங்கன்னா தைரியமா இருக்கும்."

"எவ்வளவு போடப்போறீங்க?"

"ரெண்டு ஏக்கர் வாழைங்க, எல்லாக் குழிக்கும். வழக்கமா குழிக்கு எரு அள்ளிப் போடுவேன். இந்தத் தடவை கரி மட்டும்தான், டீச்சரம்மா நோட்டுப்படி. குழி வெட்ட ஆரம்பிச்சாச்சு."

கரியை ஒரு பிடி அள்ளினேன். காய்ந்து, லேசாக, அழகான கரி. உன் கரியைவிட நல்ல கரி. வாழை மாதிரி சாப்பாட்டு ராமன் வேறு கிடையாது. அந்தக் கரியை வெறுமனே குழியில் கொட்டி, எருவும் போடாமல் கன்று வைத்தால் என்ன ஆகும் என்று எனக்கு அச்சுப்பிசகாமல் தெரியும். குத்தகை நிலம். ஒரு வருஷம் போனால் அவர் குடும்பத்துக்கு அந்த வருஷம் போனதுதான். "பார்த்துச் சொல்றேங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். என் மேல் எனக்கே வந்த கோபத்தில் சாக்கைச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தேன்.

மூன்றாம் நாள் ஞாயிறு. பூசை முடிந்து நேராக சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஸ்ரீரங்கம் பஸ் பிடித்தேன். இறங்கி, ஆட்டோ வைத்துக் கொள்ளிடக்கரைக்குப் போனேன். பெரியசாமி குழி வெட்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று கேட்டார். ஒன்றையும் விடாமல் சொன்னேன், மக்குகளின் கணக்கு உட்பட.

"அந்த ஆறு பாத்திக்கு நீங்கதான் ஊத்தினீங்க?"

"ஆமாங்க."

"டீச்சரம்மாவுக்குத் தெரியாது?"

"கடைசிவரைக்கும் தெரியாது."

மண்வெட்டியைக் குழிக்குள் போட்டார். பிறகு, "உங்களுக்கு என்னங்க, சிநேகிதிக்காகச் செஞ்சேன்னு சொல்லிடுவீங்க. நான் அந்த நோட்டைப் பார்த்துல்ல குழி வெட்டுறேன்?" என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவரே மறுபடி பேசினார். "சரி, எதுல ஊறப்போடணும், எத்தனை நாளு?" சொன்னேன். "கன்று வைக்கிறதைத் தள்ளிப்போட்டுக்கலாம். ஆனா நான் ஒருத்தன் இல்லைங்க. டீச்சரம்மா வீட்டு சார்கிட்ட நோட்டு வாங்கினவங்க என்னைத் தவிர நாலு பேரு. அதுல செல்விங்கிற பொண்ணு தையிலேயே கரியைப் போட்டுருச்சு."

முதலில் உன் வீட்டுக்குத்தான் போனேன், ஜெராக்ஸை நிறுத்தவேண்டும் அல்லவா. உன் வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "வாங்கோ வாங்கோ, வழி தெரிஞ்சுதா?" என்று கேலி செய்தார். உப்புமா கிளறியிருந்தார், நீ சொன்ன மாதிரியே. உட்காராமல், நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, டிவி மேஜைக்குள்ளிருந்து உன் நோட்டை எடுத்து வந்தார். சிவப்பு மைப் பக்கத்தைத் திருப்புவார் என்று பார்த்தேன். முதல் பக்கத்தைத் திருப்பி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "முதல் மூட்டம். முழுக்கச் சாம்பல். காரணம், ஸ்டெல்லாவோடு வம்பு. தப்பு என்னுடையது." அடுத்த பக்கம். "உமி ஈரம். பாதி கருகவில்லை. கவனிக்காதது நான்." அப்படியே வாசித்துக்கொண்டு போனார். நான் அந்தப் பக்கங்களை ஒரு நாளும் புரட்டிப் பார்த்ததில்லை. ஜெராக்ஸ் பிரதிகளிலும் அவை இல்லை, கத்தரிப் பக்கங்களை மட்டும்தான் அவர் எடுத்திருந்தார்.

நோட்டை மூடினார். "பதினாலு பக்கம் தோத்ததைத்தான் எழுதி வெச்சிருக்கா. பதினஞ்சாவதா ஒண்ணு எழுத மாட்டாளா?"

கண்ணாடியைக் கழற்றினார்.

"அவளுக்காகத்தான் பண்ணேள், தெரியறது. ஆனா அவளைக் கேக்கலையே நீங்கோ."

பேனாவை நீட்டினார். உன் சிவப்புக் கோடுகளுக்குக் கீழே, நான் ஊற்றியது என்ன, எத்தனை தடவை, எந்தப் பாத்திகளுக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உன் கையெழுத்துக்கு அடியில் என் கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது. எப்போது வந்தாலும் தெருமுனைவரை வந்து ஆட்டோ ஏற்றிவிடுகிற மனுஷர், அன்றைக்கு எழுந்திருக்கவில்லை. கதவை நானே சாத்திக்கொண்டு வந்தேன்.

உனக்கு இரக்கப்பட்டுச் செய்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் படியில் இறங்கும்போது அது எவ்வளவு பொய் என்று தெரிந்தது. உன் முகம் சுவர்ப்பக்கம் திரும்புவதை இன்னொரு நாள் பார்க்க எனக்குத் தைரியமில்லை, அவ்வளவுதான். கரி பசியோடு இருக்கிறதுடி, சாப்பாடு போடலாமா என்று உன்னிடம் அந்தக் கட்டிலருகே கேட்டிருந்தால், நீ உடனே எழுந்து உட்கார்ந்து பேப்பரும் பேனாவும் கேட்டிருப்பாய். மூன்று பாத்திக்கு ஊற்று, மூன்றை விட்டுவை என்றிருப்பாய். ஐந்து வாரமும் ஆஸ்பத்திரிக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தவளுக்கு யோசிக்க ஒரு வேலை கிடைத்திருக்கும். அதை உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, அதற்குப் பதிலாக நாலு பச்சை இலையைக் கொடுத்தேன்.

செல்வியை நேற்றுத்தான் பார்த்தேன். இத்தனை நாள் போகாமல் இருந்ததற்கு வேலை என்று காரணம் சொல்லலாம், பயம்தான். அவளுடைய கால் ஏக்கர் வெறும் உழவாகக் கிடந்தது. அவள் பக்கத்து வயலில் கூலிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் சேற்றுக் கையோடு ஓடி வந்தாள்.

"நீங்க டீச்சரம்மா சிநேகிதிதானேம்மா? மன்னிச்சுக்கங்க. வெண்டை போட்டேன், அவங்க நோட்டுப்படி கரி போட்டேன், எல்லாம் மஞ்சளாப் போயிருச்சு. கரி சரியில்லன்னு யாராச்சும் அவங்களைப் பேசிடக் கூடாதேன்னு நானே உழுது மடக்கிட்டேன். யாருக்கும் சொல்லலம்மா. எனக்குத்தான் கைராசி இல்ல."

உன் பெயரைக் காப்பாற்றுவதற்காக அவள் தன் வெண்டையை மடக்கி உழுதிருக்கிறாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் புரிந்துகொள்ள நேரம் பிடித்தது. இரண்டு தடவை திருப்பிச் சொல்லவேண்டியிருந்தது. பிறகு மெதுவாக, "அப்ப என் மேல தப்பு இல்லியா?" என்றாள்.

"இல்லம்மா. உன் கையில ஒரு தப்பும் இல்ல."

"இதை எங்க வீட்டுக்காரர்கிட்ட வந்து சொல்றீங்களா? வெள்ளாமையைக் கெடுத்துட்டேன்னு மூணு வாரமா என்கிட்டப் பேசமாட்டேங்குறாரு."

போனேன். அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், உட்காரச் சொல்லவில்லை. வாசலில் நின்றுகொண்டே, அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்க, முதலிலிருந்து சொன்னேன். சொல்லச் சொல்லப் பழகிவிடும் என்று நினைத்திருந்தேன். பழகவில்லை. ஒவ்வொரு தடவையும் "லேசா வந்திருக்குடி" என்று சொன்ன இடம் வரும்போது நாக்கு ஒட்டிக்கொள்கிறது. உன்னிடம் சொல்லியிருந்தால் ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். நீ ரெண்டு திட்டு திட்டியிருப்பாய், நான் வாங்கிக்கொண்டு ஆரஞ்சை உரித்திருப்பேன். இப்போது வீடு வீடாக ஏறிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னும் மூன்று வீடு பாக்கி.